எழுதிக் கொடுப்பார்களா? கோத்தகிரிப் பள்ளி ஒன்றின் டேப்லெட் கொள்முதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையை ஒட்டிய ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளிக்கு 30 டேப்லெட்டுகள் வாங்குவதென்று 2022 ஜூன் மாதம் முடிவாயிற்று. பணம் பழைய மாணவர்கள் திரட்டிக் கொடுத்தது. கொள்முதல் குழுவில் தலைமையாசிரியையும் பெற்றோர் மூவரும் இருந்தனர். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டனர். விலை, திரையின் அளவு, மின்கலத்தின் உழைப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு நடக்கும் என்று எண்ணிச் சென்றேன். முதல் கூட்டத்திலேயே, தோட்டத்தில் தேயிலை பறிக்கும் தாய் ஒருவர் எழுந்து கேட்டார்: "சார், பிள்ளைங்க இதை மடியிலயே வச்சுப் படிக்கப்போறாங்க. கதிர்வீச்சால ஒண்ணும் ஆகாதுன்னு கம்பெனிக்காரங்க எழுதிக் கொடுப்பாங்களா?"

அச்சத்தால் கேட்ட கேள்விதான். ஆனாலும் "எழுதிக் கொடுப்பாங்களா" என்ற சொல்லில் ஒரு கொள்முதல் நிபந்தனை முழுவதும் அடங்கியிருந்ததை நாங்கள் இரண்டு மாதம் கழித்தே உணர்ந்தோம். பாதுகாப்பான, கதிர்வீச்சு குறைந்த மின்னணுக் கருவிகளை நோக்கி உற்பத்தியாளரை நுகர்வோரால் நகர்த்த முடியுமா, முடியுமென்றால் எந்த வகைக் கோரிக்கை நகர்த்தும், எது நகர்த்தாது என்பதை இந்தச் சிறிய கொள்முதலை வைத்து ஆராய முயன்றிருக்கிறேன்.

முதல் கடிதம்

குன்னூர் வணிகர் ஒருவருக்கும் கோயம்புத்தூர் வணிகர் இருவருக்கும் நாங்கள் அனுப்பிய முதல் கடிதத்தில், "கதிர்வீச்சு குறைவான, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான கருவிகள் மட்டுமே ஏற்கப்படும்" என்று எழுதியிருந்தோம். வாசகம் எனக்கே நிறைவாகத்தான் இருந்தது. வந்த பதில்களில் ஒன்று, தங்கள் பொருட்கள் நூறு விழுக்காடு பாதுகாப்பானவை என்றது. இன்னொன்று அந்த நிபந்தனையைக் கண்டுகொள்ளாமல் விலையை மட்டும் தந்தது. மூன்றாவது, ஒவ்வொரு டேப்லெட்டின் முதுகிலும் "ஆன்டி ரேடியேஷன் சிப்" என்ற ஒட்டுவில்லை ஒன்றை இலவசமாக ஒட்டித் தருவதாகச் சொன்னது.

இந்த மூன்றாவது பதில் தனியே கவனிக்கத்தக்கது. அளவு எதையும் குறிப்பிடாத கோரிக்கை உற்பத்தியாளரிடம் போய்ச் சேருவதேயில்லை. வழியிலேயே ஒட்டுவில்லை விற்பவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002-ஆம் ஆண்டிலேயே இத்தகைய "கவசங்களை" விற்றவர்கள் மீது பொய் விளம்பரத்துக்காக நடவடிக்கை எடுத்திருக்கிறது. சிறு வில்லையொன்றால் கருவி முழுவதிலிருந்தும் வரும் அலையைத் தடுக்க முடியாது. ஒருவேளை ஆன்டெனாவை மறைத்துச் சிறிது தடுத்தாலும், சிக்னல் குறைந்துவிட்டதென்று கருவி தன் ஆற்றலைக் கூட்டித்தான் அனுப்பும். நெதர்லாந்தில் நடந்தது இதைவிட விந்தை. 5ஜி அலையிலிருந்து காப்பவை என்று விற்கப்பட்ட கழுத்தணி, கைவளை, தூக்கக் கண்மூடி முதலிய பத்துப் பொருட்கள் தாமே அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுவதாகவும், அவற்றை அணிய வேண்டாம் என்றும் அந்நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் எச்சரித்தது. தீங்கில்லாததற்கு அஞ்சி, தீங்குள்ளதைக் காசு கொடுத்து வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அயனியாக்கும் கதிர்வீச்சையும் அயனியாக்காத கதிர்வீச்சையும் நம் பேச்சு வழக்கு பிரித்துப் பார்ப்பதில்லை. எக்ஸ் கதிரும் கைப்பேசி அலையும் "கதிர்வீச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. எக்ஸ் கதிர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுத்து மரபணுவைச் சிதைக்கக்கூடியது. வைஃபை, கைப்பேசி அலைகளுக்கு அந்த ஆற்றல் கிடையாது, திசுவைச் சிறிது சூடாக்குவதே அவற்றின் உறுதியான விளைவு. முதல் வகைக்கு அஞ்ச வேண்டுமானால் மலையில் குடியிருப்பதற்கே அஞ்ச வேண்டியிருக்கும்: ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் விண்கதிர்கள் சமவெளியைவிட அதிகமாகவே விழுகின்றன. உதகையில் 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்ற விண்கதிர் ஆய்வுக்கூடம் அமைந்திருப்பதற்கு அந்த உயரமும் ஒரு காரணம்.

ஸ்வீடன் அலுவலர்களின் திரை

அடுத்து என்ன எழுதுவதென்று குழு திகைத்து நின்றபோது, முன்பு இதில் வென்றவர்கள் யார் என்று தேடினேன். கிடைத்த தெளிவான முன்னுதாரணம் கைப்பேசியைப் பற்றியதன்று. பழைய கண்ணாடிக் குழாய்க் கணினித் திரையைப் பற்றியது.

1980-களில் மேலை நாடுகளின் அலுவலகங்களில் கணினித் திரைக்கு முன் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், அத்திரையின் மின்புலமும் காந்தப்புலமும் கருச்சிதைவுக்குக் காரணமாகுமோ என்று கவலைப்பட்டனர். ஸ்வீடனில் அந்தக் கவலையைக் கையிலெடுத்தது டிசிஓ என்ற அலுவலர் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அந்த அமைப்பு மறியலில் இறங்கவில்லை. எந்தத் திரையை வாங்கலாம் என்று தொழிலாளரே சரிபார்க்கும்படியான கேள்விப்பட்டியலைத் தயாரித்தது. அரசின் அளவீட்டுக் குழு 1990-இல் எம்பிஆர் 2 என்ற நெறியை வகுத்தது. அதன்படி, திரையிலிருந்து 50 செ.மீ. தொலைவில் தாழ் அதிர்வெண் காந்தப்புலம் 250 நானோடெஸ்லாவையும் மின்புலம் மீட்டருக்கு 25 வோல்ட்டையும் தாண்டக் கூடாது. டிசிஓ அதைவிட ஒரு படி மேலே சென்றது. 1992-இல் அது வெளியிட்ட முத்திரைக்கு, திரையின் முன்பக்கம் 30 செ.மீ. நெருக்கத்தில் அளந்தாலும் 200 நானோடெஸ்லாவுக்கும் 10 வோல்ட்டுக்கும் மிகாமல் இருக்க வேண்டும்; பயன்படுத்தாத நேரத்தில் திரை தானாக மின்செலவைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும்.

உற்பத்தியாளர்களுக்கு இதில் பெரிய தொழில்நுட்பத் தடை எதுவும் இருக்கவில்லை. கதிர்க்கற்றையைத் திருப்பும் சுருளின் புலத்துக்கு எதிர்ப்புலம் உண்டாக்கும் சிறு சுருள்களைச் சேர்த்தார்கள். திரையின் கண்ணாடிமேல் மின்கடத்தும் மெல்லிய பூச்சைப் பூசி நிலத்தொடர்பு கொடுத்தார்கள். உள்ளே உலோகத் தகடு வைத்தார்கள். இவையெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்தவைதாம், கேட்பவர் இல்லாததால் செய்யாமல் இருந்தார்கள். ஸ்வீடனுக்கென்று ஒரு திரை, மற்ற நாடுகளுக்கென்று வேறு ஒரு திரை என இரண்டு வகை செய்வது கட்டுப்படியாகாது என்பதால், அந்த முத்திரை உலகெங்கும் சென்றது. எங்கள் பழைய பள்ளிக்கு வந்த முதல் கணினித் திரையின் மூலையிலும் "டிசிஓ 99" என்ற சின்னம் இருந்தது. அது என்ன என்று அன்று நான் கேட்டதில்லை.

இந்தக் கதையில் ஒரு முள்ளும் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. திரைகளோடு வேலை செய்த தொலைபேசி இயக்குநர்களையும் திரையில்லாமல் வேலை செய்தவர்களையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1991-இல் வெளியானது. கருச்சிதைவில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அதாவது, அஞ்சிய தீங்கு உறுதிப்படாமலே சந்தை மாறிவிட்டது. இதை வைத்து டிசிஓ செய்தது வீண் என்று சொல்வோர் இருக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. செலவு குறைவு, புலம் அளக்கத்தக்கது, மின்சாரமும் மிச்சம் என்னும்போது தீங்கு உறுதிப்படும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் வாங்குபவருக்கு இல்லை. ஆனால் அந்த வெற்றியைக் காட்டி "திரை ஆபத்தானது என்று நிறுவப்பட்டது" எனச் சொல்வது பொய்.

இதற்கு நேர்மாறானது வண்ணத் தொலைக்காட்சியின் கதை. அங்கே ஆபத்து உண்மையானது, ஆனால் கேட்பதற்கு ஆளில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஏறத்தாழ 90,000 பெரிய திரைத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அளவுக்கு மீறி எக்ஸ் கதிரைக் கசியவிடுவது 1967-இல் வெளியே தெரிந்தது. உள்ளிருந்த உயர் மின்னழுத்தச் சீராக்கிக் குழாய்களே காரணம். கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பற்றி எந்த வாடிக்கையாளர் கடையில் கேட்டிருப்பார்? அங்கே வேலை செய்தது 1968-இல் வந்த சட்டமும், அதன்கீழ் விதிக்கப்பட்ட வரம்பும்தான்: பெட்டியிலிருந்து 5 செ.மீ. தொலைவில் மணிக்கு 0.5 மில்லிராண்ட்ஜென். "டிவிகிட்ட உக்காராத, எட்டி உக்காரு" என்று நம் வீடுகளில் பின்னாளில் ஒலித்த அதட்டலுக்குள் இந்த அச்சத்தின் நிழலும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

எண்ணுக்குள் இருக்கும் சிக்கல்

அலை வெளியிடும் இன்றைய கைக்கருவிகளுக்கு அப்படியொரு எண் உண்டு. எஸ்.ஏ.ஆர். எனப்படும் அது, ஒரு கிலோ உடல் திசு எத்தனை வாட் ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதைக் குறிக்கும். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் கைப்பேசிகளுக்கான வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியாக அது கணக்கிடப்படுகிறது. அதற்கு முன் பத்துக் கிராம் சராசரியில் 2 வாட் என்ற ஐரோப்பிய அளவு நடைமுறையில் இருந்தது. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான கைப்பேசிகளில் *#07# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் தெரியும். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்துப் பக்கத்திலிருப்பவரின் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டது, மதிப்பெண் பட்டியல் வந்த நாளில் வகுப்பறை இருப்பதுபோல் இருந்தது.

ஒரு கிராம் சராசரியையும் பத்துக் கிராம் சராசரியையும் அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது. அதே கருவிக்குப் பத்துக் கிராம் எண் பொதுவாகக் குறைவாகவே வரும், ஏனென்றால் சூடான சிறு பகுதி பெரிய திசுவுக்குள் கரைந்துபோகிறது. எங்களுக்கு ஒரு வணிகர் பின்னர் அனுப்பிய "மிகக் குறைந்த" எண் ஐரோப்பியக் கணக்கில் எடுக்கப்பட்டதாக இருந்தது. அவர் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த எண் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொன்னது. கையில் பிடித்திருக்கும் நிலையில் கிலோவுக்கு 4 வாட்டுக்கு மிகக் கூடாது என்றிருக்க, அவர்கள் அளந்தபோது 5.74 வந்தது. நிறுவனம் அளவிடும் முறையில் மாறுபட்டாலும், மென்பொருள் மாற்றம் ஒன்றை அனுப்பிச் சிக்கலைத் தீர்த்தது. மூன்று ஆண்டுகளாக விற்ற கருவியின் அலையாற்றலை ஒரு மென்பொருள் மாற்றத்தால் குறைக்க முடிந்தது என்பதை வாங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தீங்கைப் பற்றிய அறிவியல் நிலவரத்தையும் குழுவுக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இந்த அலைகளை "புற்றுநோய் விளைவிக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. ஆசியாவில் வழிவழியாக உப்பிட்டு ஊறவைக்கும் காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன என்றதும், ஊறுகாய்ப் பாட்டிலோடு வந்திருந்த ஒரு அம்மா அதை மெல்லப் பைக்குள் தள்ளினார். அவ்வளவு அஞ்ச வேண்டாம் என்பதற்குத்தான் அதைச் சொன்னேன். பின்னர் 2024-இல், அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் நடந்த விரிவான மறுஆய்வு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்று முடித்தது.

கதிர்வீச்சு குறைந்த கைப்பேசிக்கு முத்திரை கொடுக்க முன்வந்த ஜெர்மனியின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். "நீலத் தேவதை" என்ற சூழல் முத்திரைக்கு, கிலோவுக்கு 0.6 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று 2002-இல் அளவு வைத்தார்கள். பல கருவிகள் அந்த அளவுக்குள்ளேயே இருந்தும் பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகள் விண்ணப்பிக்கவே இல்லை. ஒரு கருவிக்கு முத்திரை வாங்கினால் தங்களுடைய மற்றக் கருவிகள் பாதுகாப்பற்றவை என்று ஆகிவிடுமே என்பது அவர்கள் வாதம். 2016-இல் ஃபேர்ஃபோன் 2 என்ற கைப்பேசி அந்த முத்திரையைப் பெற்றது. முத்திரை தயாராக இருந்து, அதைக் கேட்டு வாங்கும் பெருந்திரள் இல்லாதபோது நேர்வது இதுதான். ஸ்வீடனில் இரண்டும் சேர்ந்திருந்தன.

மலையின் சிக்னல்

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். நீலகிரியில் கணக்கு வேறு விதமாகிறது. எஸ்.ஏ.ஆர். எண் கருவி தன் முழு ஆற்றலில் இயங்கும்போது எடுக்கப்படுவது. நடைமுறையில் கைப்பேசி, டவர் அருகிலிருந்தால் அடங்கிய குரலிலும் தொலைவிலிருந்தால் உரத்த குரலிலும் பேசும். பழைய 2ஜி கருவி 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உச்சமாக 2 வாட்டும், நேரப்பங்கீட்டால் சராசரியாக அதில் எட்டில் ஒரு பங்கும் வெளியிடும். இன்றைய 4ஜி கருவிகளின் உச்சம் பொதுவாக 0.2 வாட், சிக்னல் நன்றாயிருக்கும் இடத்தில் அதில் மிகச் சிறு பகுதியே போதும்.

எங்கள் பள்ளி ஒரு சரிவின் மடிப்பில் இருக்கிறது. மேலே சாலை வளைவில் மூன்று கோடு சிக்னல் காட்டும் கைப்பேசி, பள்ளி வாசலில் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. அத்தகைய இடத்தில் குறைந்த எஸ்.ஏ.ஆர். உள்ள கருவியும் தன் உச்சத்தை எட்டிப்பிடித்தே பேசும். கோயம்புத்தூரில் அதிக எண் கொண்ட கருவியைப் பயன்படுத்துபவரைவிட, இங்கே குறைந்த எண் கொண்ட கருவியைக் காதில் வைத்திருப்பவர் கூடுதல் அலையைப் பெறுவது முற்றிலும் சாத்தியம்.

இதே பெற்றோரில் சிலர் ஊருக்குள் டவர் வரக் கூடாது என்று மனு கொடுத்தவர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. டவர் பெரிதாகக் கண்ணுக்குத் தெரிகிறது, கைப்பேசி பையில் மறைந்திருக்கிறது. ஆயினும் டவரைத் தூர விலக்கினால் ஊரிலுள்ள ஒவ்வொரு கைப்பேசியும் குரலை உயர்த்தும். அலையின் வலிமை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள டவரைவிடக் காதோடு ஒட்டிய கருவியிலிருந்தே பெரும்பங்கு உடலுக்கு வருகிறது. டவர்களுக்கான வரம்பையும் இந்தியா 2012-இலேயே பன்னாட்டு வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. தரங் சஞ்சார் என்ற அரசுத் தளத்தில் 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தினால் குறிப்பிட்ட இடத்தில் வந்து அளந்து தருவார்கள். அந்தப் பணத்தை யார் கட்டுவது என்ற விவாதத்தில் ஒரு கூட்டம் முழுவதும் போயிற்று, முடிவு எட்டப்படவில்லை.

இரண்டாம் கடிதம்

ஆகஸ்ட் மாதம் எழுதிய இரண்டாம் கடிதத்தில் "பாதுகாப்பான" என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். சிம் வசதி இல்லாத, வைஃபை மட்டும் உள்ள மாடல் வேண்டும். உடலை ஒட்டி வைத்து அளந்த எஸ்.ஏ.ஆர். எண் ஒரு கிராம் சராசரியில் 0.8 வாட்டுக்கு மிகக் கூடாது. அந்த எண் உற்பத்தியாளரின் சோதனை அறிக்கையில் எந்தப் பக்கத்தில் உள்ளதோ அந்தப் பக்கத்தின் நகலில் வணிகர் முத்திரையிட்டுக் கையொப்பமிட வேண்டும். மின்னேற்றியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். 0.8 என்பது எந்தச் சட்டத்திலும் உள்ள எண்ணன்று, வரம்பில் பாதி என்று நாங்களே வைத்துக்கொண்டது. அந்தத் தாயிடம் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, "கையெழுத்துப் போடணும்னு இருக்குதுல்ல சார், அது போதும்" என்றார்.

ஒட்டுவில்லை வணிகர் விலகிக்கொண்டார். மற்ற இருவரில் ஒருவர், விநியோகஸ்தரிடம் கேட்டதற்கு "வேற யாரு இதைக் கேக்கறாங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள் எனத் தொலைபேசியில் சொன்னார். ஆராய்ந்து பார்த்தால் எங்கள் கொள்முதலின் உண்மையான எடை அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. 30 டேப்லெட்டுக்காக எந்தத் தொழிற்சாலையும் ஆன்டெனாவை மாற்றி அமைக்காது. ஒரு மாவட்டத்தின் பள்ளிகள் அனைத்தும் ஒரே வாசகத்தில் கேட்டிருந்தால் விநியோகஸ்தரின் குரல் வேறு மாதிரி இருந்திருக்கும். ஸ்வீடன் அலுவலர்களிடம் இருந்ததும் எங்களிடம் இல்லாததும் அந்தத் திரட்சிதான். அடுத்த பள்ளிகள் இரண்டுக்குக் கடிதத்தின் நகலைக் கொடுத்தோம். ஒன்று அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டது.

எஞ்சிய மற்றொரு வணிகர் பத்து நாளில் முத்திரையிட்ட பக்கத்தை அனுப்பினார். அவரிடமே வாங்கினோம், மற்றவர் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான். பாடங்களை வாரம் ஒரு முறை ஆசிரியர் அறையில் தரவிறக்கி வைத்துவிட்டு, வகுப்பில் ஃபிளைட் மோடில் போட்டுப் படிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். உள்ளபடி சொன்னால், குழந்தைகள் பெறும் அலையளவைக் குறைத்ததில் அந்த முத்திரையிட்ட தாளைவிட இந்த வழக்கத்துக்கே பங்கு அதிகம். சிக்னல் தடுமாறும் ஊரில் பாடம் நின்று நின்று ஓடாமல் இருந்ததால் ஆசிரியர்கள் இதை மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். கதிர்வீச்சை நினைத்து அவர்கள் ஏற்கவில்லை.

இந்த ஆண்டு மேலும் பத்து டேப்லெட்டுகள் தேவைப்பட்டு, அதே வணிகரிடம் விலைப்புள்ளி கேட்டோம். நாங்கள் நிபந்தனைக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே வந்துவிட்ட அவருடைய தாளில், விலைக்கு அடுத்து "எஸ்.ஏ.ஆர்." என்று அச்சிட்ட ஒரு புதிய கட்டம் இருந்தது. தலைமையாசிரியை மகிழ்ந்துபோனார். அருகில் வைத்துப் பார்த்தேன். வெவ்வேறு நிறுவனங்களின் மூன்று மாடல்களுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே எண்தான் நிரப்பப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் சோதனை அறிக்கையின் பக்கத்தைக் கேட்டுத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.